ஒரு கேள்வி பிந்தி வந்த பதில்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. டென்மார்க்கில் ஸ்கீவ என்ற சிறிய நகரத்தில், ஒரு பெப்ரவரி மாதம். அங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் நான் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அதற்கு முன்னர் பதினெட்டு வருடங்கள் மீன் தொழிற்சாலையில் வேலை. இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைக்க முடியாது. மற்றவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள்; எனக்கு அது பெரிய நிம்மதி. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். சின்ன வயதிலிருந்தே கூச்சம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுப்படியில் போய் நின்றுகொள்கிற ஆள். தொழிற்சாலையை மூடிய பிறகு கொமூன், அதாவது நகரசபை, என்னைப் பராமரிப்புப் படிப்புக்கு அனுப்பியது. தூக்குவது, குளிப்பாட்டுவது, மருந்து நேரம் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டன. பேச்சுத்தான் பிடிபடவில்லை.

சேர்ந்த புதிதில் ஒருநாள், இடைவேளை மேசையில் ஒருத்தி, "கோடை விடுமுறைக்கு எங்கே போனாய்?" என்று என்னைக் கேட்டாள். நான் பதிலை முதலில் தமிழில் யோசித்து, டெனிஷுக்கு மாற்றி, மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்னொருத்தியின் நாய் வீட்டை விட்டு ஓடிவிட்டதாம். "எங்கேதான் போயிருக்கும்?" என்று அவள் கவலையோடு சொன்ன அதே நேரத்தில், "ஜெர்மனிக்கு, என் அண்ணன் வீட்டுக்கு" என்றேன் நான். மேசையே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நாயைத் தொலைத்தவளும்தான் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த மேசையில் சாப்பிட மட்டுமே வாயைத் திறப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பெப்ரவரியில் என் பொறுப்பில் புதிதாகத் தந்த அறைகளில் ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். இந்த நாட்டில் எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வளையவில்லை. "ஐயா" என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. இஸ்ரேலில் வளர்ந்தவர். இளம் வயதில் ஒரு டெனிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, பாலங்களுக்கு வரைபடம் கீறும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதுதான் அந்த நோய் என்று நானும் நினைத்திருந்தேன். அது முகத்தையும் இறுக்கிவிடும்; சந்தோஷமா கோபமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. குரலைத் தாழ்த்திவிடும். நினைத்த சொல் வாய்க்கு வந்து சேர நேரமெடுக்கும். களைத்துப்போனால் அவருடைய டெனிஷுக்கு நடுவே தாய்மொழியும் கலந்துவிடும். அவருடைய தாய்மொழி ஹீப்ரு. பைபிளில் எபிரேயம் என்று வருமே, அதுதான்.

முதல் நாள் காலை அவரை எழுப்பி, யன்னலோரக் கதிரையில் இருத்தி, கோப்பிக் கோப்பையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "போ" என்றார்.

நான் திகைத்து நின்றேன். "போ... போ" என்றார் மறுபடியும். வலது கை வேறு என்னைத் தள்ளுவதுபோல ஆடியது. முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் காதுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஐம்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தத்தைக் கேட்டுப் பழகிய காது. கோப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாள் "போயி" என்று இழுத்தார். கோபம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சொல் வருவதற்கு முன் நானே போய்விடப் பழகிவிட்டேன். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, ஒரே ஓட்டம். வீட்டில் என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"ஆள் தமிழ் படிக்கத் தொடங்கிட்டார் போல" என்றார் இவர். "முதல் பாடத்திலயே உம்மைக் கலைச்சுப்போட்டார்."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு அந்த அறைக்குப் போகவே மனமில்லை."

"அப்ப வேற அறை தரச்சொல்லிக் கேளுமன்."

"அதுக்கு வாய் திறக்க வேணுமே."

இப்படியே இரண்டு வாரம் போனது. ஐயாவின் மனைவி இல்லத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். அவரை நான் அம்மா என்பேன். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு வருவார். என் வேலை இரண்டரைக்கு முடிந்துவிடும். அதனால் நாங்கள் சந்தித்ததே இல்லை. ஒருநாள் பனி கொட்டி பஸ் ஓடவில்லை. சும்மா இருக்காமல் ஐயாவின் கட்டில் விரிப்பை மாற்றலாம் என்று போனேன். அந்தப் பனியிலும் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது ஐயா, "போ" என்றார். உடனே தலையணையோடு கதவை நோக்கி நடந்தேன்.

"எங்க ஓடுறாய்?" என்றார் அம்மா.

"அவர் போகச் சொல்றார்" என்றேன் தரையைப் பார்த்தபடி.

"போகச் சொல்றாரோ? போ எண்டால் ஹீப்ருவில 'இஞ்சை' எண்டு அர்த்தம். தலையணையை இஞ்சை, முதுகுக்கு வை எண்டுறார்."

எனக்குக் காது சுட்டது. "அப்ப போயி எண்டால்?"

"பொம்பிளையளை வா எண்டு கூப்பிடுறது."

ஆக, இரண்டு வாரமாக அந்த மனிதர், கோப்பையைக் கைக்கு எட்டும் இடத்தில் இங்கே வை, இங்கே வா என்று கெஞ்சியிருக்கிறார். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். காலைக் கோப்பி இல்லாமல் ஒரு வயதானவரைப் பதினான்கு நாள் வைத்திருந்தவள் நான்.

எங்கள் மொழியில் போ என்றால் என்ன என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அம்மா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஐயாவின் காதருகே குனிந்து விளக்கினார். ஐயாவின் முகம் கல்லாகவே இருந்தது. தோள்கள் மட்டும் குலுங்கத் தொடங்கின. நடுக்கம் கூடிவிட்டது என்று பயந்து நான் மருந்துப் பட்டியலைப் பார்க்கப் போனேன்.

"அது நடுக்கமில்லை, சிரிக்கிறார்" என்றார் அம்மா. "முகத்தைப் பாராதை, தோளைப் பார். நாப்பத்தஞ்சு வருசமா என்னோட இருந்தும் எனக்குச் சாப்பாட்டுச் சொல்லும் கூப்பிடுற சொல்லும் ஏச்சுச் சொல்லும்தான் சொல்லித் தந்தவர். உன்னோட இரண்டு கிழமையில சண்டையே பிடிச்சிட்டாரே."

மறுநாள் காலை நான் கோப்பியோடு போனதும் ஐயா "போ" என்றார், விரல் கதவைக் காட்டியது. இது தமிழ்ப் போ என்று புரிந்தது. கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். தோள்கள் குலுங்கின. இரண்டு நாளில் 'வா' என்ற சொல்லையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த இல்லத்தில் நான் சத்தமாகச் சிரித்த முதல் அறை அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு காலை, "நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. வெள்ளையைப் போட்டுவிட்டு, "கஞ்சியா, பாணா?" என்று கேட்டேன். "நீலம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் தினமும் கணினியில் இரண்டு வரி எழுதவேண்டும். அன்று நான், "நீலக் கஞ்சி கேட்டார்" என்று எழுதினேன். பிழையில்லாத டெனிஷ் வசனம். எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் தொடக்கத்தில் பிரிவுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஐயா கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்று பலரும் எழுதியிருக்கிறார்களாம். கொமூனிலிருந்து ஒருவர் வந்து பார்க்கப் போகிறார். மறதி நோயுள்ளவர்களுக்கான பிரிவுக்கு மாற்ற வேண்டி வரலாம். "உன்னோடதான் ஆள் நல்லாய் இருக்கிறார். கூட்டத்துக்கு நீயும் வா" என்றார்.

அந்தப் பிரிவு வேறு நகரத்தில் இருந்தது. இரண்டு பஸ் ஏற வேண்டும். போகவே ஒன்றரை மணி நேரம். அன்று அம்மா வரும்வரை காத்திருந்தேன். அவருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமைகளில போகலாம் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுத்துத் துணியை மடித்து, பிறகு அதை விரித்து மறுபடியும் மடித்தார்.

பின்னேரம் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். மனம் அங்கேயே நின்றது. கணவர் வந்து, "சனிக்கிழமை கோயிலுக்குப் போவமோ?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, மூடியைத் திறந்து பார்த்து, "பருப்புக்கு உப்புப் போட்டாச்சோ?" என்றார்.

"ஓம், சனிக்கிழமை" என்றேன்.

"சரி, உப்புக்குச் சனிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பம்" என்றார். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நீர் இப்பிடித்தான். எப்பவும் போன கேள்விக்குத்தான் உம்மட்டை இருந்து பதில் வரும்."

கரண்டி கையில் அப்படியே நின்றது. நீலம். அவர் கஞ்சியைச் சொல்லவில்லை. சட்டையைச் சொல்லியிருக்கிறார். நாய் ஜெர்மனிக்குப் போனது போலத்தான் இதுவும்.

மறுநாள் காலை ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். "இன்றைக்கு முகச்சவரம் செய்வோமா?" மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு, எட்டு. கேள்வியைத் திரும்பக் கேட்க வாய் துடித்தது. பதினொன்றில், "வேண்டாம், நாளைக்கு. மனைவிக்கு நாளைக்குப் பிறந்தநாள்" என்றார். மறதிக்காரர் பேசுகிற பேச்சா அது? பொறுப்பாளரிடம் சொல்ல ஓடினேன். அவர் ரெலிபோனில் பேசிக்கொண்டே நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "எழுதி வை" என்று கையால் காட்டிவிட்டுப் போனார். இதை எழுதுகிற அளவுக்கு என்னிடம் டெனிஷ் இல்லை.

கூட்டம் வியாழக்கிழமை பத்து மணிக்கு. மேசையில் கோப்பிப் போத்தல், ஒரு மெழுகுதிரி. இங்கே எந்தக் கூட்டத்துக்கும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கொமூனிலிருந்து வந்த பெண் அன்பானவர்தான். ஆனால் ஐயாவுக்குக் காது கேட்காது என்பதுபோல உரத்துக் கேட்டார்.

"இது என்ன மாதம்?"

மேசைக்குக் கீழே விரல் மடித்து எண்ணினேன். ஐந்தாவது விரலில் அவர், "பரவாயில்லை" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். "நாங்கள் எந்த நகரத்தில் இருக்கிறோம்?"

ஐயாவின் உதடு அசைந்தது. "மார்ச்."

தாளில் பேனா ஓடியது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஸ்கீவ."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவரே சொல்லட்டும்" என்று அந்தப் பெண் மென்மையாகத் தடுத்துவிட்டு, "காலையில் யார் உங்களுக்கு உடுப்பு மாற்றிவிட்டார்?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை" என்றார் ஐயா.

பொறுப்பாளர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் கோப்பின் தாள்களைப் புரட்டி, "இங்கேயும் இப்படி ஒன்று இருக்கிறது" என்று வாசித்தார். "நீலக் கஞ்சி கேட்டார்."

அது என் வசனம். பிழையில்லாத என் வசனம். ஒரு மனிதரை மனைவியிடமிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துக்கு அனுப்பப் போகும் கோப்பில் அதுவும் கிடந்தது. 

"வென்ட்" என்றேன்.

டெனிஷில் அதற்குப் பொறுங்கள் என்று அர்த்தம். நான் நினைத்ததைவிட உரத்து வந்துவிட்டது. நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்க்க நேரமில்லை. வந்த சொற்களை வந்தபடி கொட்டினேன்.

"அவர் சரி. நீங்கள் கெதி. அவர்ட பதில் வழியில நிக்கேக்க நீங்கள் அடுத்த கேள்விக்குப் போயிடுறியள். பதில் எல்லாத்தையும் ஒரு வரி மேல ஏத்திப் பாருங்கோ. நீலக் கஞ்சி நான் எழுதினது. பிழை என்னில. அவர் சட்டையைச் சொன்னவர்."

 அந்தப் பெண் தாளில் பேனாவை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். மாதம், மார்ச். நகரம், ஸ்கீவ. பிள்ளைகள், ஒருத்தருமில்லை. "ஓம், எங்களுக்குப் பிள்ளையள் இல்லை" என்றார் அம்மா. பேனா கடைசிக் கேள்வியில் வந்து நின்றது. உடுப்பு மாற்றிவிட்டது யார்?

அந்த நேரம் பார்த்து ஐயாவின் விரல் மெதுவாக மேசையிலிருந்து எழும்பி, ஆடி ஆடி, என்னைக் காட்டியது.

"அவ" என்றார்.

பொறுப்பாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். தன் கதிரையை ஐயாவின் பக்கம் இழுத்துப் போட்டு, இந்த முறை சாதாரணக் குரலில் கேட்டார்: "நாங்கள் எல்லோரும் ஏன் இங்கே இருக்கிறோம் என்று தெரியுமா?"

எல்லோரும் காத்திருந்தோம். எட்டு. ஒன்பது. பொறுப்பாளரின் கால் மேசைக்குக் கீழே ஆடியது. பன்னிரண்டு. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பதினாலில் வந்தது.

"உங்களுக்கு... அவசரம். அதாலைதான்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அம்மாதான் முதலில், "தோளைப் பாருங்கோ, தோளைப் பாருங்கோ" என்றார். பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த அறையில் சிரிக்காமல் இருந்தது ஐயாவின் முகம் மட்டும்தான்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வேறு ஒரு மருத்துவர் நேரமெடுத்துப் பார்த்தாராம். மறதி நோய் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். ஐயா அதே அறையில், அதே யன்னலோரம் இருக்கலாம். அம்மா அன்று முழுப் பிரிவுக்கும் கறுவா பன் வாங்கிக்கொண்டு வந்தார். நடைவண்டியின் கூடையில் பெட்டி பெட்டியாக. பொறுப்பாளர் என்னிடம் வந்து, "நீ அன்றைக்குச் சொல்ல வந்தபோது நானும் நின்று கேட்கவில்லை" என்று சொன்னார். நான் பதிலை முதலில் தமிழில் தேடத் தொடங்கினேன். அவர் அங்கேயே நின்று காத்திருந்தார். "பன் நல்லாயிருக்கு" என்றேன் கடைசியில்.

கணினியில் என் பழைய வரியை அழிக்க முடியவில்லை. அப்படித்தான் அந்தக் கணினி. அதற்குக் கீழே, அது என் தவறு, அவர் நீலச் சட்டை கேட்டார், நான் காத்திருக்கவில்லை என்று எழுதினேன். மூன்று வசனம். இலக்கணப் பிழை இருந்திருக்கும்.

ஐயா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. பதில் வர இருபது வரை எண்ண வேண்டியிருக்கிறது, சில நாட்களில் இருபதும் போதாது. பயிற்சிக்காக அறைகளுக்கு நடுவிலுள்ள ஓடையில் நடந்தபடி அவர் ஹீப்ருவில் எண்களை உரத்துச் சொல்வார், நான் பக்கத்தில் தமிழில் சொல்வேன். அம்மா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து, நாங்கள் இரண்டு பேரும் ஒரே எண்ணில்தான் நிற்கிறோமா என்று சந்தேகப்படுவார்.

பிந்திப் பதில் சொல்வதை ஐம்பது வயது வரை என் குறை என்றே நினைத்து மறைத்துத் திரிந்தேன். அந்தக் குறை எனக்கு இருந்தபடியால்தான் இன்னொருவரின் பதில் வழியில் வந்துகொண்டிருப்பது என் கண்ணுக்குப் பட்டது என்று நினைக்கும்போது, பேசாமல் இருக்கும் எவரின் முன்னாலும் இப்போது எனக்கு இன்னும் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.